செப்டிக் டேங்க் எப்போது எடுக்க வேண்டும்? கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: அண்ணே, எங்கள் டேங்கில் எப்போது திறந்தாலும் தண்ணீர் மேலே வரை நிற்கிறது. நிறைந்துவிட்டதா?

பதில்: செப்டிக் டேங்க் எப்போதுமே நிறைந்துதான் இருக்கும். உள்ளே எவ்வளவு போகிறதோ அவ்வளவு தண்ணீர் மறுபக்கம் வெளியேறும். பார்க்க வேண்டியது அடியில் படியும் சேற்றை. நீளமான கம்பில் பழைய வெள்ளை வேட்டித் துணியைச் சுற்றிக் கட்டி, வெளியேறும் பைப் பக்கமாக மெதுவாக அடிவரை இறக்கி, சில நிமிடம் வைத்து எடுங்கள். துணியில் கறுப்பாக அப்பியிருக்கும் உயரம்தான் சேறு. தண்ணீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு வந்துவிட்டால், அதாவது நாலரை அடியில் ஒன்றரை அடி, கழிவு உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள். மூடியைத் திறந்ததும் தள்ளி நில்லுங்கள், தலையை உள்ளே நீட்டாதீர்கள், பீடி தீப்பெட்டி பக்கத்திலேயே கூடாது.

கேள்வி: எத்தனை வருடத்துக்கு ஒருமுறை சார்?

பதில்: பொதுவாக இரண்டு மூன்று வருடம். மாடியில் வாடகைக்கு ஆள் வைத்தால் அதற்கு முன்பே.

கேள்வி: ஃப்ளஷ் செய்தால் குபுகுபு என்று சத்தம், தண்ணீர் மெதுவாக இறங்குகிறது.

பதில்: ஒரு டாய்லெட்டில் மட்டும் என்றால் அந்த லைனில் அடைப்பு. எல்லாவற்றிலும் என்றால் டேங்குக்கு முன்னால் இருக்கும் சேம்பரைத் திறங்கள். அது காய்ந்து கிடந்தால் வீட்டுப் பக்கம் அடைப்பு, தேங்கி நின்றால் டேங்க் பக்கம்.

கேள்வி: சாணம், வெல்லம், ஈஸ்ட் போட்டால் எடுக்கவே வேண்டாமாமே?

பதில்: வேண்டிய பாக்டீரியா உள்ளே போவதிலேயே இருக்கிறது. வெல்லத்தைப் பொங்கலுக்கு வையுங்கள்.

கேள்வி: நாங்கள் வீடு கட்டி 20 வருடம், ஒருமுறைகூட எடுத்ததில்லை, ஒரு பிரச்சினையும் இல்லை. லாரிக்காரர்களுக்கு வேலை பிடித்துத் தருகிறீர்களா?

பதில்: எனக்குப் பயமே உங்கள் டேங்க் மாதிரி டேங்கைப் பார்த்தால்தான். அடியில் கான்கிரீட் போட்டார்களா?

அதே நண்பர்: மண்ணே இழுத்துக்கொள்ளும், செலவு மிச்சம் என்று கொத்தனார் விட்டுவிட்டதாக ஞாபகம். எங்கள் போர் 300 அடி. அவ்வளவு ஆழத்துக்கா கழிவு போகும்?

பதில்: போகும். போர் ஓட்டை சரியாமல் இருக்க இறக்கும் கேசிங் பைப்பைப் பெரும்பாலும் பாறை தட்டும் வரைதான் இறக்குவார்கள். அதன் வெளிப்பக்கத்தைச் சரியாக அடைக்காவிட்டால் மேல்மட்டத்து ஊற்று அந்த இடுக்கு வழியாகவே கீழே இறங்கிவிடும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், கழிவிலிருந்து நீரில் கலக்கும் நைட்ரேட் உப்பு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும். லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் குடிநீருக்கு வரம்பு. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம். பக்கத்து வீட்டுக்காரர் போரையும் சேர்த்துக் கொடுங்கள், அவருக்கும் இதில் பங்கு உண்டு.

கேள்வி: எத்தனை வருடத்துக்கு ஒருமுறை எடுக்கணும்?

பதில்: மேலே இருக்கிறது.

கேள்வி: ஐப்பசி மழையில் எடுக்கலாமா?

பதில்: நிலத்தடி நீர் ஏறியிருக்கும்போது காலி செய்தால் பிளாஸ்டிக் டேங்க் மிதந்து மேலே வரும், செங்கல் சுவர் விரிசல் விடலாம். பங்குனி சித்திரையில் எடுங்கள்.

கேள்வி: அடிச்சேறு இறுகிவிட்டது, ஆளை இறக்கினால்தான் வரும், கூடுதல் பணம் ஆகும் என்கிறார் லாரிக்காரர்.

பதில்: இறக்க விடாதீர்கள். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானால் மூக்கே மரத்துப்போய் நாற்றம்கூடத் தெரியாது, இறங்கியவர் அப்படியே மயங்கி விழுவார், தூக்கப் போனவரும் விழுவார். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி, பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவதே குற்றம். சாவுக்கு இழப்பீடு 30 லட்சம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. பிரஷரில் தண்ணீர் அடித்துக் கலக்கி உறிஞ்சச் சொல்லுங்கள். முடியாது என்றால் வேறு லாரி.

கேள்வி: எத்தனை வருடத்துக்கு...

பதில்: ஐயா, மேலே.

20 வருடமாக எடுக்காத நண்பர்: சரி, கம்பு விட்டேன். தரை தட்டவே இல்லை, புதைந்துகொண்டே போகிறது.

பதில்: கம்பை வைத்துச் சேறா மண்ணா என்று சொல்ல முடியாது. லாரி வரட்டும். கடைசியில் ஹோஸ் தரையில் தட்டினால் பிழைத்தீர்கள், மணல் வர ஆரம்பித்தால் உடனே நிறுத்தச் சொல்லிவிட்டு, தரை போட்ட புது டேங்குக்கும் தனியாக உறிஞ்சு குழிக்கும் போரை விட்டுத் தள்ளி இடம் பாருங்கள். பழைய குழிக்குள் இறங்கித் தரை போட எந்தக் கொத்தனார் முன்வந்தாலும் அனுப்பிவிடுங்கள்.