அம்மா மெதுவாக நடந்தால் உங்களுக்கு என்ன நஷ்டம்?

கேள்வி: எனக்கு வயது 42. கோவை புலியகுளத்தில் வீடு, ஐ.டி. வேலை. உயரம் 168 செ.மீ., எடை 91 கிலோ. பொங்கல் முடிந்ததும் ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் தினமும் காலையில் நடக்க ஆரம்பித்தேன். ஆறு வாரம் ஒரு நாள்கூட விடவில்லை. அப்போது அம்மாவும் கூட வருவார் (67 வயது, 14 வருடமாகச் சர்க்கரை). அப்புறம் ஸ்மார்ட் வாட்ச் வாங்கினேன். அம்மா மெதுவாக நடப்பதால் 10,000 ஸ்டெப்ஸ் வரவில்லை, இதயத் துடிப்பும் ஏறவில்லை. அதனால் அவரை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டேன். தனியாகப் பத்து நாள் போனேன், நின்றுவிட்டது. ஜிம்மில் ஒரு வருடத்துக்குப் பணம் கட்டினேன், நாலே நாள்தான் போனேன். வீடியோ பார்க்கிறேன், மூன்று அலாரம் வைக்கிறேன், எதுவும் ஒட்டவில்லை. ஆர்வம் குறையாமல் தொடர்வது எப்படி?
— பெயர் வேண்டாம், கோவை

பதில்: தம்பி, அம்மாவைப் பற்றிப் போகிறபோக்கில் இரண்டு மூன்று வரி எழுதிவிட்டு, வாட்ச், ஜிம், அலாரம் என்று போய்விட்டீர்கள். எனக்கு அந்த இரண்டு மூன்று வரிதான் உறுத்துகிறது.

நீங்கள் எழுதிய கணக்கை நீங்களே கூட்டிப் பார்க்கவில்லை. அம்மா கூட வந்த ஆறு வாரமும் ஒரு நாள் தவறவில்லை. அம்மாவை நிறுத்திய பத்தாவது நாள் நீங்களும் நின்றுவிட்டீர்கள். நடுவில் வேறு என்ன மாறியது? அதே ரோடு, அதே மரங்கள், அதே ஷூ. வயதானவர்கள் சீக்கிரம் எழுந்துவிடுவார்கள். உங்கள் அம்மா தயாராகி உட்கார்ந்திருப்பார் என்று தெரிந்ததால்தான் நீங்கள் போர்வையை உதறிவிட்டு எழுந்தீர்கள். அலாரத்தை அமுக்கிவிட்டுத் திரும்பிப் படுக்கலாம். காத்திருக்கும் அம்மாவிடம் அது நடக்காது.

எடை குறைப்பதைப் பற்றி எனக்கு வரும் கடிதங்களில் பாதி, தையில் ஆரம்பித்துப் பங்குனி வெயிலுக்குள் விட்டவர்கள் எழுதுவது. எல்லோரும் ஆர்வத்தைத்தான் கேட்கிறார்கள். ஆர்வம் குறையத்தான் செய்யும். வருடக்கணக்காக நடக்கிறவர்களை ரேஸ்கோர்ஸிலேயே நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். “அவரு வந்து நிப்பாருங்க, நாம போகாம இருந்தா நல்லாவா இருக்கும்?” என்பார்கள். உங்களுக்கு அப்படி ஒரு ஆள் வீட்டுக்குள்ளேயே இருந்தார். வேகம் போதவில்லை என்று நீங்கள்தான் அனுப்பிவிட்டீர்கள்.

அதுவும் எந்த எண்ணுக்காக? 10,000 அடி என்பது எந்த மருத்துவரும் ஆராய்ந்து எழுதிய அளவு இல்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த சமயத்தில் ஜப்பானில் ஒரு நிறுவனம் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் நடை எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வைத்த பெயரிலேயே பத்தாயிரம் அடி இருந்தது. அங்கிருந்து பரவிய எண்தான் இன்று உங்கள் மணிக்கட்டில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி. கூடவே வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி. மிதமான வேகம் என்றால் நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட மூச்சு போதக்கூடாது. இதற்கு வாட்ச் எதற்கு?

உங்கள் எடைக்கு அரை மணி நேரம் வேகமாக நடந்தால் சுமார் 200 கலோரி செலவாகும். திரும்பும் வழியில் ஒரு வடையும் சர்க்கரை போட்ட காபியும் உள்ளே போனால் கிட்டத்தட்ட அத்தனையும் திரும்பி வந்துவிடும். மெதுவாக நடந்தாலும் அந்த 200-இல் பாதிக்கு மேல் செலவாகிவிடும். ஆக, அம்மாவின் வேகத்தால் நீங்கள் இழந்தது ஒரு நாளைக்கு நூறு கலோரிகூட இருக்காது. இரவில் இரண்டு தோசையைக் குறைத்திருந்தால் அதைவிட அதிகம் மிச்சமாகியிருக்கும். எடையில் பெரும்பங்கு தட்டில்தான் இருக்கிறது. அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. என்ன சாப்பிடுகிறீர்கள், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று எழுதாதவர், அம்மா எவ்வளவு மெதுவாக நடக்கிறார் என்பதை மட்டும் கவனித்திருக்கிறீர்கள்.

சரி, கவனித்தீர்களே, அவர் ஏன் மெதுவாக நடக்கிறார் என்று கேட்டீர்களா? 14 வருடச் சர்க்கரை. முழங்கால் தேய்மானமாக இருக்கலாம். காலில் மதமதப்பு வந்து, பஞ்சு மேல் நடப்பது போல இருக்கலாம். சர்க்கரையில் நரம்பு பாதிக்கப்பட்டால் பாதத்தில் உணர்ச்சி குறையும். ஆணி குத்தினாலும் செருப்பு கடித்தாலும் தெரியாது. அந்தச் சின்னக் காயம் புண்ணாகி, விரலையும் காலையும் எடுக்கும் நிலைக்குப் போன குடும்பங்கள் நம் ஊரில் கொஞ்சமா? அவர் மெதுவாக நடந்தது உங்களுக்குக் கிடைத்த எச்சரிக்கை. பக்கத்தில் நடந்துகொண்டிருந்த மகன் அதைத் தன் கணக்குக்கு இடைஞ்சலாக மட்டும் பார்த்திருக்கிறார். இதை நான் மென்மையாகச் சொல்லப்போவதில்லை. தப்பு செய்திருக்கிறீர்கள்.

நீங்கள் வரவேண்டாம் என்றதும் அவர் “சரி கண்ணு” என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருப்பார். நம் அம்மாக்கள் அப்படித்தான். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். சர்க்கரை உள்ளவருக்கு நடை என்பது மாத்திரைக்குச் சமமான மருந்து. தசைகள் வேலை செய்யும்போது ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. அந்த மருந்தை அவரே விரும்பித் தினமும் எடுத்துக்கொண்டிருந்தார். மாத்திரை வாங்கிக் கொடுத்து, செக்கப்புக்குப் பணம் கொடுத்துவிட்டால் பிள்ளையின் கடமை முடிந்தது என்று நான் நினைக்கவில்லை. கூட நடப்பதும் கடமைதான். பெற்றவர்களுக்குச் செய்ய வேண்டியதைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் உடம்பைத் தேற்ற முடியும் என்று யாராவது வீடியோவில் சொன்னால், அதை அணைத்துவிடுங்கள்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் அம்மாவிடம் போய், “நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, நாளையிலிருந்து நீங்களும் வாங்க” என்று வாய் திறந்து சொல்லுங்கள். மனைவி மூலம் சொல்லி அனுப்பாதீர்கள். ரேஸ்கோர்ஸ் ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர் வரும். அவரால் முடிந்த தூரத்தை அவர் வேகத்தில், அவர் பக்கத்திலேயே நடங்கள். போனைப் பையில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டே போங்கள். அப்புறம் அவரை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் அரை மணி நேரம் மூச்சு வாங்க நடந்துவிட்டு வாருங்கள். அவருக்கு அங்கே பேச்சுத்துணை கிடைத்துவிடும். உங்களுக்கும் இதயத் துடிப்பு ஏறிவிடும். இந்த யோசனை உங்களுக்குத் தோன்றாதது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

அம்மாவுக்கு எம்.சி.ஆர். செருப்போ (சர்க்கரை உள்ளவர்களுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு), விரல் நெருக்காத ஷூவோ வாங்குங்கள். கோவிலிலும் சூடான தரையில் வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். இரவில் இரண்டு பாதங்களையும், விரல் இடுக்கு வரை, நீங்களே பாருங்கள். அவர் இன்சுலின் போட்டுக்கொள்கிறாரா, எந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சில மருந்துகளோடு வெறும் வயிற்றில் நடந்தால் சர்க்கரை இறங்கிவிடும். காலையில் எதுவும் சாப்பிடாமல் நடக்கலாமா என்று அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பாக்கெட்டில் குளுக்கோஸ் இருக்கட்டும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு வந்தால் உடனே கொடுத்து உட்கார வையுங்கள்.

மாலையில் இருவரும் வீட்டிலேயே, நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்திருங்கள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று பழகட்டும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு விழாமல் இருக்க இந்த மாதிரிப் பயிற்சி அவசியம். இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் அவரோடு உட்கார்ந்து முடியுங்கள். அவருக்குச் சொன்ன பத்தியம் உங்களுக்கும் நல்லதுதான். இப்போது சாப்பிடும் சோற்றைப் பாதியாக்குங்கள், காயையும் பருப்பையும் இரண்டு மடங்காக்குங்கள்.

உங்கள் எடைக்கும் உயரத்துக்கும் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் எண்) 32 வருகிறது. இந்தியர்களுக்கு 25-ஐத் தாண்டினாலே உடல் பருமன் என்றுதான் நம் மருத்துவர்கள் கணக்கு வைக்கிறார்கள். ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். டேப்பை எடுத்து அளந்து எழுதி வையுங்கள். ஆறு மாதத்தில் நாலைந்து கிலோ குறைந்தால் போதும். அந்த ஐந்து சதவீதமே சர்க்கரையிலும் ரத்த அழுத்தத்திலும் வித்தியாசம் காட்டும்.

அம்மாவுக்குச் சர்க்கரை என்றால் உங்களுக்கும் வர வாய்ப்பு அதிகம். எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எப்போது பார்த்தீர்கள்? 5.7-ஐ எட்டினால் எச்சரிக்கை, 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். இந்த வாரமே ஒரு நாள் லீவு போடுங்கள். அம்மாவுக்குப் பாத நரம்புப் பரிசோதனை, உங்களுக்கு ரத்தப் பரிசோதனை, இரண்டையும் ஒரே நாளில் முடியுங்கள். டிரைவரோடு அனுப்பாமல், நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.