வாகன சந்தேகங்கள்: பானட்டுக்கு உள்ளே தண்ணீர் அடிக்கலாமா?

கேள்வி: ஆறு வருடம் ஓடிய பெட்ரோல் கார். என்ஜின் மேல் எண்ணெயும் தூசும் கெட்டியாகப் படிந்திருக்கிறது. வாட்டர் வாஷ் கடையில் மண்ணெண்ணெய் அடித்து, பிரஷர் பம்பால் கழுவித் தருகிறார்கள். அதையே வீட்டில் செய்யலாமா? - வாசகர், ஈரோடு

பதில்: இரண்டுமே வேண்டாம். மண்ணெண்ணெய், டீசல் பட்டால் ரப்பர் ஹோஸும் பெல்ட்டும் உப்பி இளகிவிடும். மிச்சமிருக்கும் பிசுக்கில் மறுபடியும் தூசு ஒட்டும். சைலன்சர் பக்கம் சூடாக இருந்தால் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. வயர் கனெக்டர்களின் ரப்பர் சீல் மழைச் சாரலைத் தாங்கும். பம்பின் பீய்ச்சலைத் தாங்காது. உள்ளே போன தண்ணீர் கனெக்டரின் உலோகப் பின்களில் பச்சை பூக்க வைத்து, சில மாதம் கழித்துத்தான் தொல்லை கொடுக்கும். அப்போது காரணத்தைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

என்ஜினைத் துடைக்க வேண்டும், குளிப்பாட்டக் கூடாது. காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் செய்யுங்கள். ஓடிய வண்டி என்றால் குறைந்தது 2 மணி நேரம் ஆறட்டும். சாவியை எடுத்துவிட்டு பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள். பல கார்களுக்கு 10 எம்எம் ஸ்பானர் போதும். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றும் என்பதால் இதைத் தவிர்க்காதீர்கள். ஆல்டர்னேட்டர் (பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோ), ஃப்யூஸ் பாக்ஸ், இசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி), ஏர் ஃபில்டருக்குக் காற்று போகும் வாய், இக்னிஷன் காயில்கள் (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தருபவை) எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் பை போட்டு ரப்பர் பேண்டால் கட்டுங்கள். ஆயில் மூடியும், ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

முதலில் ஈரமில்லாமல் 2 அங்குல பெயின்ட் பிரஷால் தூசைத் தட்டுங்கள். முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள பள்ளத்தில் சேர்ந்த சருகை எடுத்துவிடுங்கள். அது வடிகாலை அடைத்தால் மழைநீர் காருக்குள் இறங்கும். பிறகு தண்ணீரில் கரையும் டிக்ரீசர் (எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் திரவம்) 50 மி.லி.யை 450 மி.லி. தண்ணீரில் கலக்குங்கள். கெட்டிப் பிசுக்குக்கு 100 மி.லி.க்கு 400 மி.லி. என்று கலக்கலாம், டப்பாவில் வேறு அளவு போட்டிருந்தால் அதுதான் சரி. காஸ்டிக் சோடா கலந்தது வேண்டாம், அலுமினியம் கறுத்துவிடும். பாகத்தின் மேல் பீய்ச்சாமல் பிரஷில் தெளித்துத் தேயுங்கள். 3 நிமிடம் ஊறட்டும், காய விடாதீர்கள். பிழிந்த ஈரத் துணியால் இரண்டு மூன்று முறை துடைத்தெடுங்கள். இப்படிச் செய்தால் எண்ணெய்த் தண்ணீர் தெருச் சாக்கடைக்கும் போகாது.

பைகளை எடுத்துவிட்டு, பானட்டைத் திறந்தபடி ஒரு மணி நேரம் காய விடுங்கள். பேட்டரியை மாட்டி, வண்டியை நகர்த்தாமல் 10 நிமிடம் ஐடிலில் என்ஜினை ஓட விடுங்கள். ஒரு வாரம் கழித்துத் திறந்து பாருங்கள். சுத்தமான இடத்தில் புதிதாக எண்ணெய் கசிந்திருந்தால், கேஸ்கெட் (இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் அடைப்பு) எங்கே பழுதாகியிருக்கிறது என்பது பளிச்சென்று தெரியும். பளபளப்பைவிட இதுதான் பெரிய லாபம்.

கேள்வி: பிரஷர் வாஷ் செய்த மறுநாள் என்ஜின் நடுங்குகிறது, மிஸ்ஸிங் அடிக்கிறது. செக் என்ஜின் விளக்கு மின்னுகிறது. - வாசகர், காரைக்குடி

பதில்: பெரும்பாலும் ஸ்பார்க் பிளக் குழியில் தண்ணீர் தேங்கியிருக்கும். விளக்கு மின்னும்போது வண்டியை ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைச் சூடாக்கிக் கெடுத்துவிடும். என்ஜின் ஆறியதும் காயிலைக் கழற்றி, குழியில் உள்ள தண்ணீரைத் துணியால் ஒற்றியெடுங்கள் அல்லது காற்றடித்து வெளியேற்றுங்கள். அதற்குமுன் பிளக்கைக் கழற்றவே கூடாது, தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். காயிலின் ரப்பர் முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் ஸ்கேனர் வைத்துப் பார்க்கும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கேள்வி: பானட்டுக்குள் எலி கூடு கட்டியிருக்கிறது. வெறும் கையால் அள்ளிவிடலாமா? - வாசகி, திருநெல்வேலி

பதில்: கூடாதம்மா. எலிச் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும். கையுறை, மாஸ்க் போட்டுக்கொண்டு, பேட்டரியைக் கழற்றிய பிறகு கூட்டின் மேல் தரை துடைக்கும் கிருமிநாசினிக் கரைசலைத் தெளித்து நனையுங்கள். காய்ந்ததைப் பெருக்கினால் தூசு மூக்கில் ஏறும். 5 நிமிடம் கழித்துப் பையில் அள்ளிக் கட்டிப் போடுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியையும் ஏசி ஃபில்டரையும் திறந்து பாருங்கள், அங்கேயும் பஞ்சு சேர்த்து வைத்திருக்கும். வயரில் கடி தெரிந்தால் சரிசெய்யும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். கம்பி வெளியே தெரிந்து ஒன்றோடொன்று பட்டால் தீப்பிடிக்கும்.

கேள்வி: பேட்டரி டெர்மினலில் வெள்ளைப் பொடி பூக்கிறதே? - வாசகர், வேலூர்

பதில்: ஆசிட் ஆவியால் வருவது. கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்ப சோடா கரைத்து, பழைய பல் பிரஷால் தேயுங்கள். நுரைப்பது நின்றால் ஆசிட் முறிந்துவிட்டது. பேட்டரி மூடித் துளைக்குள் கரைசல் போகக் கூடாது. துடைத்துக் காய்ந்ததும் மாட்டி, மேலே வாசலின் லேசாகத் தடவுங்கள். இரண்டு மாதத்தில் மறுபடி பூத்தால், பேட்டரி அதிகமாகச் சார்ஜ் ஆகிறதா என்று வோல்ட்மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.