ரைஃபிளைத் தூக்கிப் போட்டவர்: கேள்வி பதில்

ஜான் ஃபோர்டு 1962இல் எடுத்த ‘த மேன் ஹூ ஷாட் லிபர்ட்டி வேலன்ஸ்’ படத்தின் உண்மையான நாயகன் ஜான் வெய்னும் இல்லை, ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும் இல்லை, வெய்னுக்குப் பின்னால் நிற்கும் கறுப்பின வேலையாள் பாம்ப்பிதான் என்று சொல்லியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகள் இவை. முடிவு உட்பட எல்லாமே இதில் வரும்.

படம் பார்த்து ரொம்ப வருடம் ஆகிவிட்டது சார், கதையைக் கொஞ்சம் ஞாபகப்படுத்துங்களேன்.

ஷின்போன் என்ற சிற்றூருக்கு, ஊரே மறந்துபோன டாம் டானிஃபனின் சாவுக்காக, செனட்டர் ஸ்டாடர்டும் மனைவி ஹாலியும் ரயிலில் வந்து இறங்குகிறார்கள். இவ்வளவு பெரிய மனிதர் எதற்கு வந்தார் என்று பத்திரிகைக்காரர்கள் குடைய, பழைய கதை வெளியே வருகிறது. இளம் வக்கீலாக இருந்தபோது லிபர்ட்டி வேலன்ஸ் என்ற ரவுடியைச் சுட்டுக் கொன்றவர் என்ற பேரை வைத்துத்தான் ஸ்டாடர்ட் அரசியலில் மேலே போனார். உண்மையில் இருட்டுச் சந்தில் நின்று சுட்டது டாம். டாமாக வெய்ன், ஸ்டாடர்டாக ஸ்டூவர்ட், பாம்ப்பியாக உட்டி ஸ்ட்ரோட்.

சுட்டது டாம், காதலித்த ஹாலியை ஸ்டாடர்டுக்கு விட்டுக்கொடுத்ததும் டாம். அப்புறம் அவர்தானே ஹீரோ?

நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தச் சந்துக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோதுதான் கண் திறந்தது. டாம் ‘பாம்ப்பி’ என்று கூப்பிடுகிறார், பாம்ப்பி ரைஃபிளைத் தூக்கிப் போடுகிறார், டாம் பிடித்துச் சுட்டுவிட்டுத் திருப்பி எறிகிறார். அந்த ரைஃபிள் சரியான நொடியில் கைக்கு வந்திருக்காவிட்டால் ஸ்டாடர்ட் அன்றைக்கே பிணம். சாப்பாட்டுக் கடையில் ஸ்டேக் தட்டு கீழே விழுந்து சண்டை மூளும்போது சமையலறை வாசலில் ரைஃபிளோடு நிற்பதும் பாம்ப்பிதான். டாமின் துணிச்சல் எதைப் பார்த்தாலும் அதற்குப் பின்னால் அவர் நிற்கிறார். அன்று இரவு டாம், ஹாலிக்காகக் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்குத் தானே தீ வைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்துகொள்கிறாரே, அவரை நெருப்பிலிருந்து வெளியே இழுத்து வந்தது யார்?

முதலாளி சொன்னதைச் செய்கிற வேலையாள்தானே அண்ணா, இதில் என்ன வீரம்?

பள்ளிக்கூடக் காட்சியைப் பாருங்கள். ஸ்டாடர்ட் நடத்தும் வகுப்பில் பாம்ப்பி எழுந்து அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தைச் சொல்கிறார். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்ற வரி வரும் இடத்தில் தடுமாறி நின்றுவிடுகிறார். ஸ்டாடர்ட் அந்த வரியை எடுத்துக் கொடுக்க, மறந்துபோச்சு என்கிறார் பாம்ப்பி. பரவாயில்லை, நிறையப் பேர் அதை மறந்துவிடுகிறார்கள் என்று பதில் வருகிறது. கொஞ்ச நேரத்தில் டாம் உள்ளே நுழைந்து, இங்கே என்ன நேரத்தை வீணாக்குகிறாய், வேலை கிடக்கிறது என்று அவரை வகுப்பிலிருந்து அனுப்புகிறார். நாம் ஹீரோ என்று கொண்டாடும் ஆள் செய்த காரியம் இது!

சலூன் என்ற மதுக்கடையில் ஊர் ஆண்கள் ஓட்டுப் போடும்போது பாம்ப்பி வெளியே உட்கார்ந்திருக்கிறார். அதே சலூனில் பின்னால் ஒரு நாள் அவருக்குக் குடிக்கக் கொடுக்க முடியாது என்கிறார்கள். டாம் அவருக்காகக் கத்துகிறார், ஆனால் பாம்ப்பி அங்கே வந்தது குடிக்க இல்லை, போதையில் இருக்கும் டாமை வீட்டுக்குக் கூட்டிப்போக. தனக்கு ஓட்டில்லாத, தனக்கு ஒரு கோப்பைகூட ஊற்றாத ஊரை ரவுடியிடமிருந்து காப்பாற்ற உதவிவிட்டு, அந்த ரகசியத்தைக் கடைசிவரை வாய்திறக்காமல் வைத்திருக்கிறார். இதை வெறும் முதலாளி விசுவாசம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

ஃபோர்டு இதையெல்லாம் நினைத்தா எடுத்தார்? நீங்களாக ஏற்றிச் சொல்கிறீர்கள்.

பாம்ப்பிதான் நாயகன் என்று ஃபோர்டு நினைத்தார் என்று நான் சொல்லவில்லை. பாம்ப்பிக்கு வசனமே கொஞ்சம்தான். கடைசியில் செனட்டர் அவர் கையில் பணத்தைத் திணித்துவிட்டுப் போகும் காட்சி எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. ஆனால் இரண்டு வருடம் முன்பு, 1960இல், ‘சார்ஜென்ட் ரட்லெட்ஜ்’ படத்தில் இதே உட்டி ஸ்ட்ரோடைக் கதையின் மையத்தில் நிற்க வைத்ததும் ஃபோர்டுதான். ஸ்ட்ரோட் சாதாரண ஆளும் இல்லை. அமெரிக்கக் கால்பந்து லீகில் கறுப்பின வீரர்களுக்குப் பல வருடமாக அடைத்திருந்த கதவை 1946இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணிக்காகத் திறந்த இருவரில் ஒருவர். அப்படிப்பட்டவரை ஓட்டுச்சாவடிக்கு வெளியே உட்கார வைத்துப் படமெடுக்கிறார்கள், அமெரிக்காவில் கறுப்பினத்தவரின் ஓட்டைக் காக்கும் வாக்குரிமைச் சட்டம் வருவதோ 1965இல். அந்தக் காட்சி தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

அப்படியானால் ஸ்டாடர்ட் போலியா?

இல்லவே இல்லை. துப்பாக்கி பிடிக்கத் தெரியாமல், இடுப்பில் ஏப்ரனோடு தெருவில் இறங்கிய தைரியம் நிஜம்.

ஹாலியை ஏன் யாருமே பேசுவதில்லை?

பேச வேண்டும். டாமின் சவப்பெட்டி மேல் கள்ளிப்பூவை வைத்தது அவர்தான். அவருக்கு எவ்வளவு தெரியும் என்பதைப் படம் சொல்லாமலே விடுகிறது, அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

இந்த வாரம் மறுபடி பார்க்கப் போகிறேன், எதைக் கவனிக்க?

முதல் பத்து நிமிடம். வெறும் பலகையில் அடித்த பெட்டி, பக்கத்தில் நரைத்த தலையோடு பாம்ப்பி, ஊரில் வேறு யாரும் காவல் இல்லை. பிறகு கடைசிக்கு வாருங்கள். பழங்கதையே உண்மையாகிவிட்டால் பழங்கதையைத்தான் அச்சிடுவோம் என்று சொல்லிப் பத்திரிகை ஆசிரியர் குறிப்புகளைக் கிழித்துப் போடும் இடம், எல்லாருக்கும் மனப்பாடம். அந்த நேரத்தில், நடந்ததைக் கண்ணால் பார்த்த இன்னொருவர் அதே கட்டிடத்தில் உயிரோடு இருக்கிறார். இத்தனை கேள்வி கேட்ட பத்திரிகைக்காரர்கள் அவரிடம் ஒன்றுகூடக் கேட்கவில்லை.