வேலையை விடணுமா, வேலையில எதை விடணும்?

கேள்வி: எனக்கு 34 வயசு, ஊர் கம்பம். மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனியில வேலை. தினமும் கம்பம்மெட்டு ஏறி கேரளாவுல நெடுங்கண்டம் பக்கம் ஏலக்கா எஸ்டேட் லயங்களுக்கு, அதான் தொழிலாளர் குடியிருப்புக்குப் போய் குழுப் பெண்கள்கிட்ட தவணை வாங்கணும். இப்பல்லாம் ராத்திரி தூக்கமே இல்ல. மாமா போடியில ஏலக்கா யாவாரம் பாக்குறார், வந்து சேருங்குறார். வீட்டுக்காரர் மாச சம்பளத்தை விடாதங்குறார். எனக்கு எது முக்கியம்னே புரியலக்கா.

பதில்: தங்கச்சி, உங்க லெட்டர்ல பாதிக்கு மேல டார்கெட்டும் மேனேஜர் திட்டுறதும்தான். ஆனா நடுவுல ஒரு விஷயம் எழுதியிருக்கீங்க பாருங்க, ஆதார்ல பேரு தப்பா இருந்து பென்ஷன் நின்னுபோன ஒரு பாட்டிக்கு லயத்துத் திண்ணையில உக்காந்து எந்தெந்தப் பேப்பர் வேணும்னு எழுதிக் குடுத்தேன், பென்ஷன் வந்ததும் அது என் கையைப் புடிச்சுக்கிட்டு விடவே இல்லன்னு. எது முக்கியம்னு உங்களுக்கு நல்லாவே புரிஞ்சிருக்கு, அதை வேலைன்னு நினைக்கத்தான் தோணல.

நேர்மை, குடும்பம், சேவை, நிம்மதின்னு பேப்பர்ல எழுதச் சொன்னா நாம எல்லாருமே எல்லாத்தையும் எழுதிருவோம். ரெண்டு ஒண்ணோட ஒண்ணு மோதும்போதுதான் எது நம்மளுதுன்னு தெரியும். அமெரிக்காவுல எம்.ஐ.டி.யில எட்கர் ஷைன்னு ஒரு பேராசிரியர் இருந்தார், படிச்சு முடிச்சு வேலைக்குப் போனவங்களை பல வருஷம் கவனிச்சுட்டு 1970கள்ல இதைத்தான் சொன்னார், எந்த நெருக்கடியிலயும் எதை விட்டுக்குடுக்க மாட்டோமோ அதுதான் நம்ம வேலையோட நங்கூரம்னு. நிரந்தர வருமானம், சுதந்திரம், அடுத்தவங்களுக்கு உதவுறதுன்னு பின்னாடி எட்டு வகை பிரிச்சார்.

உங்களுக்கு எங்க மோதுதுன்னு பாருங்க. ஏலக்கா பறிப்பு இல்லாத மாசத்துல ஒரு பொண்ணால கட்ட முடியல, குழுவுல மத்தவங்க அவளுக்கும் சேத்துக் கட்டணும், பணம் வர்ற வரைக்கும் அவ வீட்டு வாசல்லயே ராத்திரி எட்டு மணி வரைக்கும் உக்காருன்னு உங்களை அனுப்புறாங்க. தூக்கம் போறது அங்கதான். இதுல உங்க மனசு பலவீனம்னு எதுவும் இல்ல தங்கச்சி. ரிசர்வ் வங்கி 2022ல போட்ட விதியிலயே காலையில 9 மணிக்கு முன்னாடி, சாயங்காலம் 6 மணிக்கு மேல வசூலுக்குத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு இருக்கு. அதனால முதல்ல அந்த எட்டு மணி வாசலுக்கு இனிமே போகமாட்டேன்னு ஆபீஸ்ல எழுத்துல குடுங்க, வேற வேலை தேடுறது அது பாட்டுக்கு நடக்கட்டும்.

மாமா யாவாரம் நல்ல தொழில்தான், நான் குறை சொல்லல. ஆனா ஏலக்கா விலை உங்க வீட்டுக்காரர் கேக்குற நிம்மதியைத் தராது. 2019 ஆகஸ்ட்ல இடுக்கி புத்தடியில நடந்த ஏலத்துல கிலோ 7,000 ரூபா வரைக்கும் போச்சு, 2022ல ஆயிரத்துக்கும் கீழ வந்து நின்னுச்சு. அதோட அங்க நாள் பூரா சல்லடை, எட்டு மில்லிமீட்டர் காய் தனி, பொடிக்காய் தனி, மத்த நேரம் ஏலத்துல விலை பாக்கணும். அந்தப் பாட்டி மாதிரி ஒருத்தரை நீங்க அங்க பாக்கவே மாட்டீங்க. சொந்தக்காரங்க கூப்பிடுறாங்கன்றது மட்டுமே போறதுக்குப் போதாது.

நம்ம எல்லையில ரேஷன் கார்டு ஒரு பக்கம், கூலி ஒரு பக்கம், புள்ளைங்க படிப்பு இன்னொரு பக்கம்னு எவ்வளவு குடும்பம் பேப்பரைத் தூக்கிக்கிட்டு அலையுது. நம்ம பக்கம் இ-சேவை மையம், அங்கிட்டு கேரளாவுல அதே மாதிரி அக்ஷயா மையம், பேங்குக்கு கிராமத்துல கணக்கு தொடங்கிக் குடுக்குற பேங்க் மித்ரா, இதெல்லாம் உங்களுக்கு ஏற்கனவே கை வந்த வேலை. மலையாளமும் பேசுறீங்க, லயத்துல ஆளுங்க உங்களை நம்புறாங்க, அது லேசுல கிடைக்குறது இல்ல.

வருமானம் ஆரம்பத்துல குறையும், அதை மறைக்காதீங்க. வீட்டுக்காரர் பயப்படுறதும் நியாயம்தான், அவருக்கு முக்கியமானது அது. ஆறு மாச வீட்டுச் செலவு, உங்க சொந்தக் கடன் தவணை ரெண்டையும் கணக்குப் போட்டு அவர் முன்னாடி வைங்க, அந்தப் பணம் சேர்ற வரைக்கும் இந்த வேலையிலயே இருங்க. லீவு நாள்ல தெரிஞ்ச இ-சேவை மையத்துல சும்மா போய் உக்காந்து பாருங்க, சர்வர் நின்னு, க்யூவுல ஆளுங்க கத்தி, ஒரே ஃபாரத்தை மூணு தடவை அடிக்க வேண்டி வரும். அப்படி ஒரு நாளைப் பாத்துட்டு வந்து அவர்கிட்ட பேசுங்க.