இரண்டு தவணை மட்டும் போதுமா?

அன்பின் அக்கா,

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்குப் பதினெட்டு வருடமாக ஒரே தலைவர். நல்ல மனிதர், காசில் கை வைக்காதவர். ஒரே பதவியில் ஒருவர் இரண்டு தவணைக்கு மேல் இருக்கக்கூடாது என்று யாப்பைத் திருத்தக் கேட்டோம். "பொறுப்பெடுக்க ஆள் எங்க இருக்கு?" என்று பெரியவர்கள் வாயை அடைத்துவிட்டார்கள். பதினைந்து பேர் கொண்ட நிர்வாக சபையில் பெண் ஒருவர்தான். நாங்கள் கேட்டது பிழையா?

— ஒரு வாசகர், வடமராட்சி

அன்பின் தம்பி,

பிழையே இல்லை. ஆனால் கேட்கவேண்டியதில் அரைவாசியைத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

ஒருவர் இவ்வளவு காலம் இருந்தால் வங்கிக் கணக்கில் அவர் கையெழுத்து, கட்டடத் திறப்பு அவர் வீட்டில், கனடாவிலும் லண்டனிலும் இருந்து உதவுகிறவர்கள் கதைப்பதும் அவருடைய வாட்ஸ்அப்பில்தான். அப்புறம் "ஆள் இல்லை" என்பது உண்மையாகவே ஆகிவிடும். வேலையை ஒருவரிடமும் கொடுத்துப் பழக்கவில்லையே!

ஊர்ச்சபைக்கு ஆள் தெரிவுசெய்யும் விதிகளைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி எல்லோரும் பெருமையாகக் கதைக்கிறோம். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 919, 921. குடவோலையில், அதாவது பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு எடுக்கும் முறையில், தெரிவானவருக்கு வாரியம் என்ற குழுவில் ஒரு வருடம்தான். முந்தின மூன்று வருடத்துக்குள் வாரியத்தில் இருந்தவரின் பெயரைக் குடத்தில் போடவே முடியாது. கணக்குக் காட்டாதவரோடு அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கு. எனக்கும் அதில் பெருமைதான். ஆனால் யாருடைய பெயர் குடத்துக்குள் போகலாம் என்பதையும் வாசிக்கவேண்டும். வரி கட்டும் நிலம் கால் வேலியாவது, சொந்த மனையில் வீடு, வயது 35க்கும் 70க்கும் இடையில், வேதப் படிப்பு. அது பிராமணர் சபை. பெண்களுக்கும் நிலமில்லாத உழவருக்கும் அங்கே ஓலை இல்லை. அந்தச் சிறு வட்டத்துக்குள்ளேயே ஆட்கள் மாறி மாறி வந்தார்கள்.

எனக்குப் பயம் இதுதான். யாழ்ப்பாணத்தில் 1968இல் மாவிட்டபுரம் கோயிலுக்குள் போவதற்கே, சாதியால் ஒதுக்கப்பட்ட மனிதர்கள் போராட வேண்டியிருந்தது. இரண்டு தவணை விதியை மட்டும் கொண்டுவந்தால், அதே நாலு குடும்பமும் கதிரையைச் சுற்றிச் சுற்றிக் கைமாற்றும்.

ஆகவே அடுத்த கூட்டத்துக்கு முன் அங்கத்துவப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வீட்டுக்கு ஒரு பெயர், அதுவும் குடும்பத் தலைவரின் பெயர் என்று இருந்தால் பெண்களுக்கு வாக்கே இல்லை. அறிவித்தல் எங்கே ஒட்டப்படுகிறது? வாசிகசாலைப் பலகையில் மட்டும் என்றால், பேப்பர் பார்க்க வரும் ஆண்களின் கண்ணில்தான் படும். கூட்டம் இரவு ஏழு மணிக்கு, வீட்டில் அடுப்பெரியும் நேரம். இவ்வளவையும் செய்துவிட்டு "பொம்பிளையள் வரமாட்டினம்" என்று சொல்வது அநியாயம். இலங்கையின் உள்ளூராட்சி சபைகளிலும் இதே கதைதான் இருந்தது. பெண்கள் 2 வீதம்கூட இல்லை. 2016 சட்டத் திருத்தம் 25 வீதம் ஒதுக்கிய பிறகு, 2018 தேர்தலோடுதான் நூற்றுக்கணக்கில் உள்ளே வந்தார்கள்.

சரி, திருத்தத்தை எப்படி எழுதுவது? தொடர்ந்து இரண்டு தவணை, பிறகு ஒரு தவணை இடைவெளி. சபையில் பாதிப்பேர் ஒரு வருடம், மற்றப் பாதி அடுத்த வருடம் மாறட்டும், அப்போது வேலை தெரிந்தவர் எப்போதும் உள்ளே இருப்பார். பெண்களுக்கும் முப்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் இடம் ஒதுக்குங்கள். போசகர் என்ற கௌரவப் பதவிக்குப் போகிறவருக்குக் காசோலையில் கையெழுத்திடும் உரிமை வேண்டாம். இந்த வரம்பை யாராவது பின்னர் தளர்த்தினால், அப்போது பதவியில் இருப்பவருக்கு அந்தத் தளர்வு பொருந்தாது என்றும் சேருங்கள். இலங்கை ஜனாதிபதிக்கு 1978 யாப்பு வைத்த இரண்டு தவணை வரம்பை 2010இல் 18ஆம் திருத்தம் தூக்கியது. பதவியில் இருந்தவரே மூன்றாம் முறை போட்டியிட்டார். 2015இல் 19ஆம் திருத்தம் வந்துதான் வரம்பு திரும்பியது.

இன்னொன்று. கூட்டத்தில் வைத்து அந்தத் தலைவரைத் திகைக்க வைக்காதீர்கள். முதலில் வீட்டுக்குப் போய் அவரிடமே சொல்லுங்கள், பதினெட்டு வருடம் உழைத்த மனிதர். அவரே பிரேரிக்கச் சம்மதித்தால் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும். ஆமோதிக்க, சபையில் இருக்கும் அந்தப் பெண்ணைக் கேளுங்கள்.