மேசையில் இடமில்லை; மொனிற்றர் வாங்காமல், தலையில் மாட்டும் வி.ஆர். ஹெட்செட்டை (கண்ணை மூடிக்கொண்டு உள்ளே திரை காட்டுகிற கருவி) வைத்தே முழுநேரக் கணினி வேலை செய்ய முடியுமா?

முடியும். நான் செய்திருக்கிறேன். 2022 மார்ச் கடைசியில் இருந்து ஓகஸ்ட் வரை, திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்துகொண்டு, அரைக் கிலோச் சாமானைத் தலையில் கட்டி, இங்கிலாந்துக் கடைகளுக்குக் கணக்கு எழுதினேன். "அது சின்னப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான், வேலைக்குச் சரிவராது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். அதனால்தான் இந்த நீளப் பதில். அதற்காக உங்களை வாங்கச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம்.

மேசையில் இடமில்லை என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். வெள்ளவத்தைப் பக்கம் ஒரு வாடகை அறை, கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவில் ஒரு மடக்கு மேசை, தனி ஆள் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன். தனி ஆளா இல்லையா என்பது இதில் பெரிய விஷயம். கீழே வருகிறேன்.

என் வேலை புக்கீப்பிங். ஒரு பக்கம் வங்கிக் கூற்று, மறுபக்கம் லெட்ஜர், இரண்டும் ஒரே நேரத்தில் கண்முன்னால் இருந்தால்தான் கை ஓடும். லப்டொப்போடு ஒரு பழைய மொனிற்றர் வைத்திருந்தேன், அதில் நடுவால் பச்சைக்கோடு விழுந்துவிட்டது. புதிதாக ஒன்று வாங்க, கனடாவில் இருக்கிற அண்ணாவிடம் காசு கேட்டேன். கடனாகத்தான் கேட்டேன். அண்ணா காசு அனுப்பவில்லை, ஊருக்கு வந்த ஒருவரின் கையில் இந்த ஹெட்செட்டைக் கொடுத்துவிட்டார். "இனி உனக்கு மொனிற்றரே தேவையில்லை, ஐந்து ஸ்கிரீன் வைக்கலாம்" என்றார். என்ன கம்பனி என்று சொல்லமாட்டேன், விளம்பரமும் வேண்டாம் வழக்கும் வேண்டாம். இரண்டு மாதம் அது பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

பிறகு நாட்டில் பொருளாதார நெருக்கடி வந்து கரண்ட் போகத் தொடங்கியது. 2022 மார்ச் 31 இலங்கையில் இருந்தவர்களுக்கு விளங்கும். அன்றைக்கு 13 மணி நேர மின்வெட்டு. மொனிற்றர் என்பது சுவரில் கரண்ட் இருந்தால்தான் மொனிற்றர், இல்லாவிட்டால் தூசு படிகிற பலகை. இங்கிலாந்தில் காலை ஒன்பது மணி என்றால் கோடைகாலத்தில் எங்களுக்குப் பகல் ஒன்றரை. அவர்கள் வேலை தொடங்குகிற நேரத்தில் எங்களுக்குக் கரண்ட் இல்லை. லப்டொப்பின் சின்னத் திரையை இரண்டாகப் பிரித்து எக்செலைப் பார்க்கப் பார்க்க, அழுகை வந்தது. அப்போதுதான் பெட்டியைத் திறந்தேன். இந்தக் கருவிக்கு உள்ளேயே பட்டரி இருக்கிறது, இரண்டு இரண்டரை மணி நேரம் தாங்கும், பிறகு பவர் பாங்கில் செருகலாம். லப்டொப்பின் பட்டரி வழமையை விடக் கெதியாக இறங்கும், அது உண்மை. ஆனாலும் வீடு முழுக்க இருட்டாக இருக்கையில் என் முன்னால் மட்டும் இரண்டு பெரிய திரை, நடுவில் பச்சைக்கோடு இல்லாமல், அந்தரத்தில் நின்றது. அந்த மாதங்களில் என்னோடு வேலைக்குச் சேர்ந்த இரண்டு பேர் கரண்ட் இல்லாததாலேயே வேலையை விட்டார்கள், நான் விடவில்லை. இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

இனி குறை. எழுத்துத் தெளிவு. இதைக் கடையில் யாரும் சொல்லமாட்டார்கள். நல்ல பார்வை உள்ள கண் ஒரு பாகை அகலத்துக்குள் ஏறக்குறைய 60 புள்ளிகளைப் பிரித்துப் பார்க்கும். 1920 புள்ளி (பிக்சல்) அகலமுள்ள 24 அங்குல மொனிற்றரை இரண்டடி தள்ளி வைத்தால் ஒரு பாகைக்கு 40 புள்ளி அளவில் வரும். என்னிடம் இருந்த ஹெட்செட்டில் அது 20 அளவுதான். 2023இல் வந்த, மெட்டா கம்பனியின் குவெஸ்ட் 3 ஹெட்செட்டில்கூட 25 அளவு. இதற்கு மேல், நீங்கள் பார்க்கிற திரை உண்மைத் திரை இல்லை. திரைக்குள் வரைந்த திரை. தலை ஒரு நூல் அசைந்தால் முழுவதையும் புதிதாக வரைய வேண்டும், அதனால் எழுத்தின் ஓரம் எப்போதும் கொஞ்சம் நடுங்கும். எழுத்தைப் பெரிதாக்கினால் வாசிக்கலாம், ஆனால் திரையில் பாதி வரிகள்தான் நிற்கும். அண்ணா சொன்ன ஐந்து ஸ்கிரீன் இப்படித்தான். ஐந்தையும் சேர்த்தால் ஒழுங்கான இரண்டு மொனிற்றர் வரும், அதையும் கழுத்தைத் திருப்பித் திருப்பித்தான் பார்க்க வேண்டும்.

ஒரு நாள் கணக்கு 500 பவுண்ட் இடித்தது. எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வித்தியாசம் ஒன்பதால் பிரிந்தால் இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கலாம், 54ஐ 45 என்று அடித்த மாதிரி. 500 ஒன்பதால் பிரியாது. எனவே இடம் மாறவில்லை, வேறென்ன என்று இரவு ஒரு மணி வரை தேடினேன். கடைசியில் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு லப்டொப்பில் பார்த்தால் 318 என்று இருப்பதை 818 என்று அடித்திருக்கிறேன். மூன்றும் எட்டும். அதற்குப் பிறகு இலக்கத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கித்தான் வேலை செய்தேன். கதை, கடிதம் எழுதுகிறவர் என்றால் ஒரு எழுத்து மங்கினாலும் சொல்லை ஊகித்துவிடலாம். இலக்கத்தை ஊகிக்க முடியாது.

மூக்குக்கண்ணாடி போடுகிறவரா என்றும் நீங்கள் சொல்லவில்லை. திரை கண்ணுக்குக் கிட்டத்தானே இருக்கிறது, தூரப்பார்வை மங்கலானவர்களுக்குக் கண்ணாடி தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். பிழை. உள்ளே இருக்கிற லென்ஸ் அந்தப் படத்தை ஒன்றிரண்டு மீற்றர் தூரத்தில் இருக்கிற மாதிரித்தான் கண்ணுக்குக் காட்டும். எனக்கு மைனஸ் 2.75, கண்ணாடி இல்லாமல் எதுவும் தெரியவில்லை. இன்னொன்று, அந்தத் தூரத்தை மாற்ற முடியாது. திரையை மூக்கடிக்கு இழுத்து வைத்தால் இரண்டு கண்ணும் உள்நோக்கித் திரும்பும், ஆனால் குவியம், அதாவது படம் கூர்மையாகத் தெரிகிற தூரம், அங்கேயே நிற்கும். அரை மணி நேரத்தில் நெற்றிக்குள் ஆணி அடித்த மாதிரி இருக்கும். ஒன்றரை மீற்றர் தள்ளி வையுங்கள்.

நான் வெயிலும் புழுக்கமும் பழகாத ஆள் இல்லை. ஆனால் கச்சான் காற்று வீசுகிற காலத்தில், கரண்ட் இல்லாமல் ஃபேன் இல்லாமல், முகத்தில் பஞ்சுப்பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு இருப்பதைப் பற்றி இணையத்தில் வீடியோ போடுகிறவர்கள் யாரும் பேசுவதில்லை. அவர்கள் எல்லாம் ஏசி அறையில் இருக்கிறார்கள். ஹெட்செட்டுக்குள் எனக்கு முன்னால் பனி மூடிய மலை, மரவீடு, கணப்பு எரிகிறது. கழுத்தில் வேர்வை ஓடுகிறது. லென்ஸில் ஆவி படியும், துடைத்துவிட்டு மாட்டினால் நெற்றிப் பொட்டு பஞ்சில் ஒட்டிக்கொண்டு போயிருக்கும். (அந்த ஒட்டுப்பொட்டுகளில் ஒன்றைக் கீபோட்டின் எஸ்கேப் விசையில் ஒட்டி வைத்தேன், பார்க்காமலே விரல் கண்டுபிடிக்கும். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு.) பாரமும் அப்படித்தான். 1968இல் ஐவன் சதர்லண்ட் என்கிற அமெரிக்கக் கணினி விஞ்ஞானி இந்த வகைக் கருவியை முதலில் செய்தபோது, பாரம் தாங்காமல் உட்கூரையில் இருந்துதான் தொங்கவிட்டார். இரவு ஒன்பது மணிக்குப் பிறகு எங்கள் ஃபேன் கொளுக்கியைப் பார்த்து எனக்கும் அந்த யோசனை வந்ததுண்டு.

பொம்பிளைக்குப் பழக்கமில்லை, அதனால் முறைப்பாடு என்று சொல்ல வருகிறவர்களுக்கு: 2022இல் ஜேர்மனியின் கோபர்க் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களும் வேறு சிலரும் சேர்ந்து ஆட்களை ஒரு வாரம், நாளுக்கு எட்டு மணி நேரம், இப்படி வேலை செய்ய வைத்துப் பார்த்தார்கள். இரண்டு பேர் முதல் நாளே விட்டுவிட்டுப் போனார்கள். மிச்சம் 16 பேர் முடித்தார்கள், அவர்களுக்கும் கண்களைப்பும் எரிச்சலும் கூடத்தான் இருந்தது. நான் எட்டு மணி நேரம் போட்டதே இல்லை. ஐம்பது நிமிடம், கழற்று, முகம் கழுவு, திரும்பப் போடு.

ஆனால் நான் அதை வெறுத்தது பாரத்துக்காகவும் இல்லை, மூன்றுக்கும் எட்டுக்கும் இல்லை.

அந்த மேயில் அம்மாவுக்குக் கண் ஒப்பரேசன் முடிந்திருந்தது. இரண்டு குப்பி மருந்து, ஒன்று நாளுக்கு நாலு தரம், மற்றது இரண்டு தரம். எது எதென்று அம்மாவால் வாசிக்க முடியாது. ஒரு நாள் மகன் சொல்கிறான், "அம்மா, அம்மம்மா கதவடியில கன நேரம் நிண்டவா. நீங்கள் பாக்கேல்லை எண்டு திரும்பிப் போயிற்றா." கையில் குப்பியோடு நின்றிருக்கிறா. மொனிற்றர் முன்னால் இருந்தால் கதவடியில் ஒரு நிழல் ஆடினாலே தெரியும். கண்ணின் ஓரம் வீட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கும், அது நமக்கே தெரியாமல் நடக்கிற வேலை. இதைக் கட்டினால் பனிமலை மட்டும்தான். "ஏனம்மா கூப்பிடேல்லை?" என்று கேட்டால், "நீ கண்கட்டிக்கொண்டு வேலை செய்யிறாய் பிள்ளை, கரைச்சல் தரக்கூடாதெண்டு" என்றா. அன்றில் இருந்து வீட்டில் அதன் பெயர் கண்கட்டு.

இதைச் சொன்னால் அண்ணாவின் பேச்சும் வந்துவிடும், மன்னிக்கவும். கேள்விக்குச் சம்பந்தமில்லை, வேண்டாதவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம். ஆஸ்பத்திரிக்கு நம்பர் எடுக்க விடிய ஐந்து மணிக்கு ஓட்டோ பிடித்துப் போனது நான். பெற்றோல் இல்லாத காலத்தில் ஓட்டோக்காரத் தம்பியைக் கெஞ்சியதும் நான். காஸ் இல்லாமல் பின்வளவில் விறகு மூட்டி, ஒப்பரேசன் செய்த கண்ணில் புகை படாமல் அம்மாவை முன்னறையில் இருத்தியது நான். அண்ணா ஞாயிற்றுக்கிழமைகளில் வட்ஸ்அப்பில் வருவார். "அம்மா மெலிஞ்சிட்டா, கவனிக்கிறேல்லையோ?" அடுத்த கேள்வி, "நான் அனுப்பினதைப் பாவிக்கிறியோ?" அவரைக் கெட்டவர் என்று சொல்லவில்லை. பனிக்குள் இரண்டு வேலை செய்து அனுப்புகிறார். ஆனால் கேட்டதைத் தராமல், கேட்காததைத் தந்துவிட்டு, அதற்குக் கணக்கும் கேட்பது எங்கள் குடும்பங்களில் வெளிநாட்டுக்குப் போன எல்லா அண்ணன்மாருக்கும் வருகிற வியாதியா என்று தெரியவில்லை.

சரி, கருவியின் முடிவு. ஓகஸ்டில் மின்வெட்டு நன்றாகக் குறைந்திருந்தது. ஒரு காலை நான் சந்தைக்குப் போயிருந்தேன். பஞ்சுப்பட்டையில் வேர்வை நாறுகிறதென்று அம்மா அதைக் கழற்றிக் கழுவி, முழுவதையும் முற்றத்தில் சுளகில், மோர் மிளகாய்க்குப் பக்கத்தில் காயவைத்திருக்கிறா. லென்ஸ் வானத்தைப் பார்த்தபடி. பூதக்கண்ணாடியால் கடதாசி எரிக்கிற மாதிரி, லென்ஸ் வெயிலைக் குவித்து உள்ளே திரையைச் சுட்டுவிடும். எச்சரிக்கையும் பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. அம்மா அதை எப்படி வாசிப்பா? இடது கண்ணில் இப்போது இரண்டு மஞ்சள் புள்ளி. அம்மாவிடம் சொல்லவில்லை. அண்ணாவிடமும் சொல்லவில்லை. "ஓம் அண்ணா, பாவிக்கிறம்" என்கிறேன். பொய்யில்லை, மகன் விளையாடுகிறான்.

இப்போது வாங்குவதென்றால் எது என்று கேட்பீர்கள். அப்பிளின் விஷன் ப்ரோ 2024இல் 3,499 டொலருக்கு வந்தது, எங்கள் காசில் பத்து இலட்சத்துக்கு மேல், பாரமும் 600 கிராமுக்கு மேல். அதைப் பற்றிப் பேசி என்ன. எக்ஸ்ரியல் மாதிரியான கண்ணாடி வகை வேறு. 80 கிராம் அளவு, ஒரு வயரில் லப்டொப்பில் செருகலாம். படம் சின்னதுதான், எக்ஸ்ரியல் எயார் என்கிற மாடலில் 46 பாகைதான் விரியும், ஆனால் அந்தச் சின்ன இடத்துக்குள் 1920 புள்ளி நிற்பதால் எழுத்து மொனிற்றர் அளவுக்குக் கூர்மை. முக்கியமாக, கண்ணாடிக்குக் கீழாலும் பக்கத்தாலும் வீடு தெரியும். கட்டாரில் இருந்து வந்த ஒரு மச்சானிடம் வாங்கி ஒரு மணி நேரம் போட்டுப் பார்த்தேன், ஓரத்து எழுத்து கொஞ்சம் மங்கல், மற்றபடி கணக்கு எழுதலாம். எனக்கு யாராவது அனுப்புவதென்றால் அதை அனுப்பலாம். யாரும் அனுப்பமாட்டார்கள்.

தனி ஆள், கரண்ட் ஒழுங்கில்லை, வேலை இலக்கமில்லாமல் எழுத்து என்றால் ஹெட்செட்டை யோசியுங்கள். அப்போதும் ஜன்னல் வெயில் லென்ஸில் விழாமல் துணி போட்டு மூடி வையுங்கள். மேசையில் இடமில்லை என்பது மட்டும்தான் பிரச்சினை என்றால், பாவித்த 24 அங்குல மொனிற்றர் ஒன்றை வாங்கி, சுவரில் பூட்டுகிற இரும்புக்கை ஒன்றும் வாங்குங்கள். நான் இப்போது அப்படித்தான் பூட்டியிருக்கிறேன், கதவு தெரிகிற மாதிரி. உங்கள் வீட்டுக்காரர் சுவரில் துளை போட விடமாட்டார் என்றால், அதற்கு என்னிடம் பதில் இல்லை.