தீயை விட்டுவிட்டுச் செம்முடியை எழுதுவது எப்படி?

கேள்வி: என் நாவலில் ஸ்காட்லாந்துப் பெண் ஒருத்தி வருகிறாள். அவள் தோட்டத்துக்கு அடிக்கடி வந்துபோகும் நரி ஒன்றும் உண்டு. இரண்டுக்குமே சிவப்பு முடி. 'தீப்பிழம்பு போன்ற கூந்தல்' என்பதைத் தாண்டி எனக்கு எதுவும் வரவில்லை. வேறு எப்படி வர்ணிக்கலாம்?

பதில்: அந்தத் தீயை முதலில் விட்டுவிடுங்கள். பழசாகிப்போன உவமை என்பது ஒரு காரணம். தீ என்றதுமே கோபமும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும் என்பது அதைவிடப் பெரிய காரணம். செம்முடிக்காரர்கள் முன்கோபிகள் என்ற நம்பிக்கை ஐரோப்பாவில் வெகுகாலமாக உண்டு. அங்கே பல ஓவியர்கள் இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசுக்குச் சிவப்பு முடி வரைந்திருக்கிறார்கள். உங்கள் பெண் சாதுவானவள் என்றால், அந்த ஒரே உவமை அவளை வேறு ஆளாக்கிவிடும். 'செம்பட்டை'யும் வேண்டாம். எண்ணெய் காணாத வறண்ட தலைதான் நம் வாசகர் கண்ணில் நிற்கும்.

அப்புறம், முடியை மட்டும் தனியாகப் பிரித்து எழுதாதீர்கள். கரும்பழுப்பு நிறமியான யூமெலனின் குறைந்து, செம்மஞ்சள் நிறமியான ஃபியோமெலனின் மிகும்போது முடி சிவக்கிறது. பெரும்பாலும் எம்சி1ஆர் என்ற மரபணுவின் மாறுபாடுதான் இதற்குக் காரணம். அதே மாறுபாடு தோலிலும் தெரியும்: வெளுத்த கழுத்து சற்று வெயில் பட்டாலே கன்றிப்போகும், மூக்கிலும் தோளிலும் பழுப்புப் புள்ளிகள் இறைந்து கிடக்கும். பலருக்கு இமைமுடியும் புருவமும் வெளிறியிருப்பதால், தூரத்திலிருந்து பார்த்தால் புருவமே இல்லாத முகம் போலத் தோன்றும். இப்படி ஒரு விவரம் பத்து உவமைக்குச் சமம்.

நிறம் எந்த வெளிச்சத்தில் தெரிகிறது என்பதையும் யோசியுங்கள். "குனிந்திருந்தபோது அவள் கூந்தல் வெறும் பழுப்பு. சன்னலைத் திறந்ததும் ஓரத்து இழைகள் புதுச் செம்புக் கம்பியாக மின்னின." நிறம் இங்கே ஒரு நிகழ்ச்சியாகிவிடுகிறது, அதனால் நம்ப முடிகிறது. யார் கண்ணால் பார்க்கிறோம் என்பதும் முக்கியம். உலகில் நூற்றுக்கு ஒருவர் இருவருக்கே இந்த முடி. ஸ்காட்லாந்தில் அதைவிட அதிகம். அதனால் அவளுடைய பக்கத்து வீட்டார் வாய்பிளந்து பார்க்கமாட்டார்கள், வெளியூரிலிருந்து வந்தவன் பார்ப்பான். அவள் அம்மாவும் கதையில் வந்தால், பலருக்கும் நடப்பதுபோல அவர் முடி வயதாக ஆக மணல் நிறத்துக்கு மங்கி, பிறகு வெளுத்திருக்கட்டும்.

விலங்குகளுக்கு வந்தால், ஒராங்குட்டான் என்ற வாலில்லாக் குரங்கு நல்ல பாடம். நீளமான, அடர்த்தியில்லாத ரோமம், உள்ளே கருந்தோல். மரநிழலில் இருண்டு கிடக்கும் அதே உடம்பு, பின்னாலிருந்து வெயில் விழுந்ததும் விளிம்பெல்லாம் ஆரஞ்சாக ஒளிரும்.

உங்கள் நரியும் முழுச் சிவப்பு கிடையாது. காலில் கறுப்பு, மோவாயிலும் மார்பிலும் வெள்ளை, வால் நுனியிலும் பெரும்பாலும் வெள்ளை. அந்தக் கறுப்பும் வெள்ளையும் பக்கத்தில் இருந்தால்தான் சிவப்பு எடுப்பாகத் தெரியும். கோடைத் தொடக்கத்தில் அது ரோமம் உதிர்க்கும்; அப்போது கொத்துக்கொத்தாகப் பிய்ந்து பரட்டையாக இருக்கும். இருட்டிய பிறகு சிவப்பு எதுவும் தெரியாது. "புதரோரம் ஒரு வெள்ளைப் புள்ளி தாழப் போயிற்று" என்றாலே நரி வந்துவிட்டது.

ஒன்று மட்டும் கவனம். பெண்ணுக்கும் நரிக்கும் ஒரே உவமையைக் கொடுத்தால், இருவருக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்று வாசகர் காத்திருப்பார். கதையில் அப்படி ஒரு தொடர்பு உண்மையிலேயே இருந்தால் சரி, தாராளமாகக் கொடுங்கள்.